ரைட் செய்த சிடி லென்ஸைக் கெடுக்குமா?

"ரைட் பண்ண சிடியப் போடாதீங்கண்ணா, லென்ஸ் போயிரும்." வாழப்பாடியில் சிடி பிளேயர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பார்கள். பிளேயரை விற்ற கடைக்காரர் பில் போடும்போதே சொல்லிவிடுவார். பழுதுபார்க்கக் கொண்டுபோனால் மெக்கானிக் மூடியைக் கழற்றும் முன்பே கேட்பார்: "ரைட் பண்ண சிடி போட்டீங்களா?" ஆமாம் என்றால் அங்கேயே தீர்ப்பாகிவிடும். இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் அதிகம் இருந்ததில்லை. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தப் பக்கம் பாட்டு கேட்டதே பெரும்பாலும் ரைட் செய்த சிடியில்தான். சேலம்–ஆத்தூர் தடத்துத் தனியார் பேருந்துகள், பேளூர், பெத்தநாயக்கன்பாளையம் திருவிழாக்களுக்குப் போன ரேடியோ செட்டுகள், பாக்கு உரிக்கும் கொட்டகைகள், கல்யாண மண்டபங்கள் எல்லாவற்றிலும் அதுதான் சுழன்றது. பத்துப் பதினைந்து ரூபாய் வெற்றுத் தகட்டில் ஏறக்குறைய நூற்று நாற்பது எம்பி3 பாடல்கள் அடங்கும். எச்சரிக்கையைக் கேட்டபடியே எல்லாரும் போட்டார்கள். பிளேயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. ஆகவே எச்சரிக்கை உண்மை என்றே ஊர் முடிவு செய்தது.

அந்த முடிவு பாதி சரி, பாதி தவறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தகடும் எந்த பிளேயரையும் கெடுப்பதில்லை. ஆனால் எழுதிய தகட்டோடு சேர்ந்து வந்த சில பழக்கங்கள் பிளேயர்களைக் கெடுத்தன. அவற்றில் மிக மோசமானது தகட்டைப் போட்டவர் செய்ததல்ல, பழுதுபார்த்தவர் செய்தது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் மூடநம்பிக்கை அல்ல. சிடிக்கு முன்னால் இருந்த கருவிகள் எல்லாமே தொட்டுப் பாடியவை. இசைத்தட்டின் பள்ளத்தில் முள் உரசிக்கொண்டே ஓடும். தேய்ந்த தட்டு முள்ளையும், தேய்ந்த முள் தட்டையும் கெடுக்கும். கேசட்டில் நாடா ஹெட்டின் மீது அழுந்திச் செல்லும். ரெக்கார்டிங் சென்டர்களில் மலிவான நாடாவில் பதிந்து கொடுத்த கேசட்டுகள் பழுப்புப் பொடியை உதிர்த்தன. அது ஹெட்டில் படிந்து மேல்ஸ்தாயி மழுங்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் காபித்தூள் நிறத்தில் வரும். வீடியோ டெக்கில் இன்னும் மோசம். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த வாடகைக் கேசட் ஒன்றைப் போட்டால் போதும், சுழலும் ஹெட் அடைத்துப் படம் பனிமூட்டமாகிவிடும். அப்போது "கண்ட கேசட்டைப் போடாதீங்க" என்று சொன்ன மெக்கானிக் உண்மையைத்தான் சொன்னார். கருவி மாறியபோது அந்த எச்சரிக்கை மட்டும் அப்படியே இடம் மாறி வந்துவிட்டது.

சிடியில் தொடுவது என்பதே கிடையாது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த இந்த முறை 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பாலிகார்பனேட் தகட்டுக்கும் லென்ஸுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெற்றிடைவெளி இருக்கிறது. கீழிருந்து 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர் ஒளி தகட்டுக்குள் புகுந்து, மேலே உள்ள உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கம்தான் பாட்டு. ஒளியின் வலு ஒரு மில்லிவாட்டுக்குள். தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், யார் எழுதியிருந்தாலும், அதன் எழுத்து லென்ஸை உரசவோ அழுக்காக்கவோ வழியில்லை.

கம்பெனித் தகட்டுக்கும் வீட்டில் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு அந்த உலோகப் பூச்சுக்கு அருகில் இருக்கிறது. ஆலையில் வரும் தகட்டில் பாட்டு நுண்ணிய குழிகளாக அச்சில் அழுத்தப்படுகிறது. எழுதும் தகட்டில் குழி கிடையாது. சாயப் படலம் ஒன்று இருக்கும். எழுதும் கருவியின் வலுவான லேசர் அந்தச் சாயத்தை ஆங்காங்கே சூடாக்கி மாற்றுகிறது. வாசிக்கும் லேசருக்கு அந்த இடங்கள் குழிகளைப் போலவே மங்கலாகத் தெரியும். இந்தச் சாயத் தகட்டை 1988-ல் உருவாக்கியது ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம். அது ஏற்கெனவே வீடுகளில் இருந்த பிளேயர்களில் ஓட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. கம்பெனித் தகடு தன்மீது படும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நல்ல சாயத் தகடு அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1997-ல் வந்த, அழித்து எழுதும் தகடு மட்டும் வேறு சாதி: அது திருப்பி அனுப்பும் ஒளி 15 முதல் 25 விழுக்காடுதான். பழைய பிளேயர்கள் அதைப் படிக்காமல் 'நோ டிஸ்க்' என்று காட்டியதற்கு இதுவே காரணம்.

இங்கேதான் மெக்கானிக்குகளின் முதல் வாதம் வருகிறது. தகடு மங்கலாக இருப்பதால் லேசர் அதிகம் எரிய வேண்டியிருக்கிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் கருவி அப்படி வேலை செய்வதில்லை. லேசர் டயோடு இருக்கும் அதே குப்பிக்குள் அதன் ஒளியை அளக்கும் சிறு உணரி ஒன்று இருக்கிறது. அது தரும் அளவைப் பார்த்து ஒரு சுற்று லேசரின் வெளிச்சத்தை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும். அந்த உணரி பார்ப்பது லேசரிலிருந்து புறப்படும் ஒளியை. தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை அல்ல. ஆகவே மேலே சுழல்வது பளபளக்கும் கம்பெனித் தகடா, பச்சை சாயத் தகடா என்பது லேசருக்குத் தெரியவே தெரியாது. திரும்பும் ஒளி குறைந்தால் அதை ஈடுசெய்வது பின்னால் உள்ள பெருக்கிச் சுற்று. அது மின்குறிப்பைக் கூட்டிக்கொள்ளும், அவ்வளவே. இதனால் லேசரின் ஆயுளில் ஒரு மணி நேரம்கூடக் குறைவதில்லை.

ரைட் செய்த தகட்டைப் படிக்க லென்ஸ் அதிகம் உழைத்துத் தேய்கிறது என்ற இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. லென்ஸ் ஒரே இடத்தில் நிற்பதல்ல. மெல்லிய கம்பிகளில் தொங்கி, இரு சிறு காயில்களால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். பாதைக்கும் பாதைக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். குவியம் ஓரிரு மைக்ரான் விலகினாலே படிப்பு கலைந்துவிடும். தகடோ சுழலும்போது அதைப்போல நூறு மடங்குக்கு மேல் ஏறி இறங்கக்கூடியது. லென்ஸ் அந்த ஆட்டத்தை விடாமல் பின்தொடர்ந்தால்தான் பாட்டு வரும். தகடு வளைந்திருந்தாலோ, எழுத்து மோசமாக விழுந்திருந்தாலோ காயில்களுக்குப் போகும் மின்னோட்டம் கூடும், அவற்றை ஓட்டும் ஐசி சூடாகும். மூடி திறந்த பிளேயரில் காதை வைத்துக் கேட்டால், நல்ல தகட்டில் மெல்லிய சீறலாக இருப்பது கெட்ட தகட்டில் கரகரப்பாக மாறுவதைக் கேட்கலாம். தகட்டை அடையாளம் காண முடியாதபோது லென்ஸ் மேலே போய்க் கீழே வந்து 'டிக், டிக்' என்று திரும்பத் திரும்பத் தேடும். இது தேய்மானம்தான். ஆனால் வளைந்த கம்பெனித் தகடும், கீறல் விழுந்த கம்பெனித் தகடும் இதே வேலையைத்தான் வாங்கும். காரணம் தகட்டின் தரமே ஒழிய, அது எங்கே எழுதப்பட்டது என்பதல்ல.

தரத்துக்கு ஓர் அளவுகோலும் உண்டு. பிளேயர் நொடிக்கு 7,350 சிறு சட்டகங்களைப் படிக்கிறது. அவற்றில் பிழையுள்ளவை பத்து நொடிச் சராசரியில் 220-க்கு மேல் போகக்கூடாது என்பது மூல விதி. நல்ல பெயருள்ள வெற்றுத் தகட்டில் நிதானமான வேகத்தில் எழுதினால் இந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும். கம்பெனித் தகட்டைவிடச் சுத்தமாக அமைவதும் உண்டு. உறையே இல்லாமல் கம்பத்தில் கோத்து விற்ற பெயரற்ற தகடுகளை 52 மடங்கு வேகத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. எம்பி3 தகடு மோட்டாரை வாட்டும் என்ற பேச்சும் தவறு. சாதாரண ஆடியோ சிடி நொடிக்கு 1,411 கிலோபிட் கேட்கிறது. 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். பிளேயர் கொஞ்சம் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு பாடும்.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் அத்தனை லென்ஸ்கள் ஏன் போயின? பதில் பழுதுபார்க்கும் மேஜையில் இருக்கிறது.

கடைத்தெருப் பட்டறை ஒன்றில் நான் அருகில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். பிக்கப் என்று சொல்லப்படும் அந்த லென்ஸ் கூடு கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதன் அடியில் வளையும் பிளாஸ்டிக் கம்பிப் பட்டை. அந்தப் பட்டையில் மிளகளவு ஒரு திருகு. அதன் பெயர் பிரீசெட். லேசருக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பதை ஆலையில் அந்தத் திருகை வைத்தே சரிசெய்து அனுப்புகிறார்கள். கம்பெனித் தகடு பாடுகிறது, ரைட் செய்தது பாடவில்லை என்று பிளேயர் வந்திருந்தது. மெக்கானிக் கைக்கடிகாரக்காரர்களின் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, திருகை இம்மியளவு திருப்பினார். தகட்டைப் போட்டார். இன்னும் இம்மி. மூன்றாவது முறையில் பாட்டு வந்துவிட்டது. வாடிக்கையாளர் முகம் மலர்ந்து காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கே நடந்தது இதுதான். ஏற்கெனவே வயதாகியிருந்த லேசர், அல்லது தூசி படிந்த லென்ஸ், விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கம்பெனித் தகட்டின் தாராளமான பிரதிபலிப்பில் அந்தக் குறை மறைந்திருந்தது. எழுதிய தகட்டில் வெளிப்பட்டுவிட்டது. பழைய பைக்கின் தளர்ச்சி ஏற்காட்டு ஏற்றத்தில்தான் தெரியும். ஏற்காடு பைக்கைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. குறையைக் காட்டிக்கொடுத்த தகட்டைச் சமாதானப்படுத்த லேசருக்கு மின்னோட்டத்தைக் கூட்டினார்கள். லேசர் டயோடு இந்த விஷயத்தில் மிக மென்மையானது. அளவுக்கு மேல் ஓட்டினால் சூடாகும். சூடானால் அதே வெளிச்சத்துக்கு இன்னும் அதிக மின்னோட்டம் கேட்கும். அது இன்னும் சூடாக்கும். சில மாதங்களில் எழுதிய தகடு மட்டுமல்ல, கம்பெனித் தகடும் பாடாமல் போகும். அப்போது பிளேயர் அதே மேஜைக்குத் திரும்பி வரும், அதே கேள்வி கேட்கப்படும்: "ரைட் பண்ண சிடி போட்டீங்களா?"

இதைச் சொல்வதால் நம் ஊர் மெக்கானிக்குகளை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணக்கூடாது. சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாமல், காதையும் விரல் நுனியையும் நம்பி ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் முறையான வழி ஒன்று இருந்தது, அது இந்த மேஜைகள் வரை வந்து சேரவில்லை. சோனி பிக்கப்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டின் கடைசி மூன்று இலக்கங்கள் அந்த லேசர் புதிதாக இருந்தபோது எடுத்த மின்னோட்டத்தைச் சொல்லும். 482 என்றிருந்தால் 48.2 மில்லியாம்பியர். இப்போது எவ்வளவு எடுக்கிறது என்று மீட்டரில் அளந்து, அந்த எண்ணைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் லேசர் முடிந்தது என்று அர்த்தம். பிக்கப்பையே மாற்ற வேண்டும். கூடவில்லை என்றால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. திருகைத் தொடவே கூடாது. நிதானமான சில மெக்கானிக்குகள் திருகைத் தொடும் முன் அதன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துவைத்துக்கொள்வார்கள். அப்படிக் குறி விழுந்த பிக்கப்பைப் பார்த்தாலே அந்தப் பட்டறையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த குற்றவாளி ஸ்டிக்கர். இது வீட்டுத் தகட்டுக்கே உரிய ஆபத்து, இதில் எச்சரிக்கை முழுக்க நியாயமானது. கல்யாண சிடி, கோயில் கும்பாபிஷேக சிடி, அரசியல் கட்சிப் பாட்டு சிடி என்று எதற்கும் மேலே வண்ணப் படம் வேண்டும். வட்டமாக வெட்டிய காகிதத்தில் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். கையால் ஒட்டும்போது நடுவிலிருந்து நூலளவு விலகினாலும் தகட்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பதினாறு கிராம் எடையுள்ள தகட்டுக்கு அந்தக் காகிதமும் பசையும் சிறு சுமையல்ல. வெயிலில் காகிதம் ஒரு விதமாகவும் பிளாஸ்டிக் வேறு விதமாகவும் விரிந்து சுருங்கும். தகடு குடைபோல வளையத் தொடங்கும்.

தட்டு வெளியே வரும் வீட்டு பிளேயரில் இதனால் பாட்டு தடுமாறும், அதோடு நிற்கும். தகட்டை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் கார், பேருந்து ஸ்டீரியோக்களில்தான் உண்மையான சேதம். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, இன்ஜின் சூடும் சேர்ந்த இடத்தில் அந்த ஸ்டீரியோ இருக்கிறது. பசை இளகும், காகிதத்தின் ஓரம் எழும்பும். தகட்டை வெளியே தள்ளும்போது எழும்பிய ஓரம் ரப்பர் உருளையில் சிக்கிச் சுருண்டுவிடும். தகடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டுநர் கத்தி முனையாலோ ஸ்கேலாலோ நெம்புவார். அந்த நெம்பலில் உருளை விலகும், தகட்டைப் பிடிக்கும் கை வளையும், சில நேரம் லென்ஸிலேயே முனை பட்டுவிடும். சிறிய 80 மில்லிமீட்டர் தகடுகளையும் வடிவம் வெட்டிய விசிட்டிங் கார்டு தகடுகளையும் இதே வாய்க்குள் விட்டவர்களுக்கும் இதே கதி. காகிதம் ஒட்டாமல் மேலே மார்க்கரால் எழுதிய தகட்டால் இந்தத் தொல்லை எதுவும் வராது. மார்க்கரிலும் தண்ணீர் அடிப்படையிலானதே நல்லது. மேலே உள்ள அரக்குப் பூச்சு சில மைக்ரான்தான், அதற்கு அடியிலேயே உலோகம்.

தகடு உள்ளேயே வெடித்துச் சிதறும் என்ற பயம் கணினிக்கு உரியது. பாட்டு பிளேயரில் தகடு நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்றுதான் சுற்றும். 52 மடங்கு கணினி டிரைவில் அது 10,000 சுற்றைத் தாண்டும். தகட்டின் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நடுத்துளையில் விரிசல் விட்ட தகடு அந்த வேகத்தில் உடைந்து டிரைவையே நாசமாக்கியதுண்டு. பெட்டியிலிருந்து தகட்டை வெடுக்கென்று பிடுங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரேடியோ செட்டுக்காரர்களின் அனுபவம் தனி. அவர்களுக்குப் போனது லென்ஸ் அல்ல, ஸ்பீக்கர். எம்பி3 கோப்புகள் உள்ள தகடு உண்மையில் கணினித் தகடு. அதன் தடத்தில் 'இது பாட்டல்ல, தரவு' என்று ஒரு குறி இருக்கும். அந்தக் குறியை மதிக்கும் பிளேயர் மௌனமாக இருந்துவிடும். மதிக்காத மிகப் பழைய பிளேயர், தரவையே ஒலியாக மாற்றி முழு உச்சத்தில் இரைச்சலைக் கக்கும். அம்மன் கோயில் வாசலில் வால்யூமை ஏற்றிவைத்து, எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்காகக் காத்திருக்கும்போது அந்த இரைச்சல் வந்தால் குழாயின் யூனிட் தாங்காது. டுவீட்டர் முதலில் போகும். எழுதிய தகடு ஒரு கருவியை உள்ளடக்கத்தாலேயே கெடுக்கக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் ஆடியோ சிடியாக எழுதாமல் எம்பி3-ஆக எழுதி, பொருந்தாத பிளேயரில் போட்டதால் வருவது.

இந்தக் கேள்வியை ஆராயும்போது கவனிக்காமல் விடக்கூடாத மறுபக்கம் ஒன்று உண்டு. வீட்டுத் தகட்டைக் குற்றம் சொன்ன காலத்தில், கருவிகளை மெய்யாகவே முடக்கிய தகடுகள் ஆலையிலிருந்தே வந்தன. நகலெடுப்பதைத் தடுக்க 2002-ல் செலீன் டியோனின் 'எ நியூ டே ஹேஸ் கம்' இசைத்தொகுப்பின் ஐரோப்பியப் பதிப்பில் சோனி ஒரு பூட்டைச் சேர்த்தது. அதை ஆப்பிள் கணினியில் போட்டவர்களுக்குத் தகடு வெளியே வரவில்லை, கணினியும் எழவில்லை. அது சிடி விதிக்கு உட்பட்ட தகடே அல்ல, அதனால் வரும் பழுதுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஆப்பிள் அறிவித்தது. அப்படிப்பட்ட பூட்டுத் தகடுகளில் சிடி முத்திரையைப் போடக்கூடாது என்பது, சிடியை உருவாக்கிய பிலிப்ஸின் நிலைப்பாடு. 2005-ல் சோனி பிஎம்ஜி ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளில் வைத்த பூட்டு, கணினிக்குள் ரகசியமாக ஒரு மென்பொருளை நிறுவியது. நவம்பரில் அந்தத் தகடுகளை அந்நிறுவனமே திரும்பப் பெற நேர்ந்தது. ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி என்று 2004-ல் அமெரிக்காவில் வந்த டூயல்டிஸ்க் 1.5 மில்லிமீட்டர் தடிமன். இழுத்துக்கொள்ளும் பிளேயர்களில் மாட்டிக்கொள்ளலாம் என்று கருவி நிறுவனங்களே எச்சரித்தன. விதியை மீறிய தகடுதான் ஆபத்து. கள்ளத்தனமாகச் செய்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பது கருவிக்கு ஒரு பொருட்டல்ல.

நம்மிடம் இந்த இரண்டும் கலந்துவிட்டன. 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. திருட்டு விசிடிக்கு எதிரான பேச்சு எங்கும் நிறைந்திருந்த அந்த ஆண்டுகளில், எழுதிய தகடு என்றாலே திருட்டுத் தகடு, திருட்டுத் தகடு என்றால் பிளேயரைக் கெடுக்கும் தகடு என்று ஒரு நினைப்பு வேரூன்றியது. சட்டமும் இயந்திரமும் வேறு வேறு. பாடுபட்டு இசையமைத்தவர்களின் உழைப்பைத் திருடுவது தவறு; அதற்கு அதுவே போதிய காரணம், லென்ஸைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. விலை இறங்கினால் மக்கள் நல்ல தகட்டை வாங்குவார்கள் என்று ஒரு நிறுவனம் நம்பியது. உலகின் பெரிய வெற்றுத் தகடு உற்பத்தியாளர்களில் ஒன்றான மோசர் பேயர், 2007-ல் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. தமிழ்ப் படங்களும் அதில் இருந்தன. வாழப்பாடிப் பேருந்து நிலையப் பெட்டிக்கடைகள் வரை அந்த உறைகள் தொங்கின. திருட்டுத் தகட்டுக்கு எதிராக அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான முயற்சி அது என்பேன். அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போனது வருத்தமான செய்தி.

பிளேயர்களை மெய்யாகக் கொன்றவை பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு முடியாது. இந்தச் சமவெளியில் முதல் எதிரி தூசியும் புகையும். பாக்கு காயவைக்கும் களத்தின் தூசி, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சமையலறை எண்ணெய் ஆவி எல்லாம் லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் போகும் ஒளியையும் தடுக்கிறது, திரும்பும் ஒளியையும் தடுக்கிறது. ஆகவே இழப்பு இரட்டிப்பு. இங்கும் முதலில் தடுமாறுவது எழுதிய தகடுதான், பழியும் அதன் மீதே விழும். பஞ்சு முனையில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சற்றே தொட்டு, அழுத்தாமல் ஒரு சுழற்று சுழற்றினால் பாதிப் பிளேயர்கள் உயிர் பெற்றுவிடும். தின்னரோ அசிட்டோனோ பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் நிரந்தரமாக மங்கிவிடும். இதன்பின் மின்னழுத்த ஏற்ற இறக்கம், அதன்பின் வெப்பம். பேருந்துக் கூரையின் சூட்டில் நாள் முழுக்க ஓடும் லேசர், எந்தத் தகட்டைப் போட்டாலும், வீட்டு அலமாரியில் இருப்பதைவிடச் சீக்கிரம்தான் போகும்.

இப்போது ரேடியோ செட்டுகளில் பென்டிரைவ் வந்துவிட்டது. தையோ யூடென்கூட 2015-ல் தகடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தப் பழைய தகடுகள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் கடையில் கிடைக்கும் சினிமாப் பாட்டு மட்டும் இல்லை. விடிய விடிய நடந்த கூத்தின் ஒலிப்பதிவு, கல்யாணத்தில் பாடிய பாட்டியின் நலுங்குப் பாட்டு, கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த மேளம் என்று வேறெங்கும் நகல் இல்லாதவை அவற்றில் இருக்கின்றன. சாயம் காலத்தாலும் வெளிச்சத்தாலும் மங்கிக்கொண்டே போகிறது. பிளேயருக்கு ஆபத்து என்று அஞ்சி அவற்றைப் போடாமல் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடுங்கள். தட்டு வெளியே வரும் டிரைவ் உள்ள கணினியில், வாசிக்கும் வேகத்தைக் குறைத்துவைத்து நகலெடுங்கள். நடுத்துளையில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் மெதுவாகச் சுழலும் பழைய பாட்டு பிளேயரில் ஓடவிட்டு, அதன் லைன் அவுட்டிலிருந்து பதிந்துகொள்ளுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். இரண்டு மூன்றில் முயன்று பார்த்த பிறகே கைவிடுங்கள். மேலே காகிதம் ஒட்டியிருந்தால், அது ஓரமெழும்பாமல் படிந்திருக்கும் வரை, உரிக்க முயலாதீர்கள். உரித்தால் காகிதத்தோடு உலோகப் பூச்சும் உரிந்து வந்துவிடும், பாட்டு அந்த இடத்திலேயே போய்விடும்.